சிறு நகரத்தின் பழைய கட்டிடங்களும் வரலாறும்: எதிலிருந்து தொடங்குவது?

நிலைக்கதவு:

வணக்கம் நண்பர்களே. பெரிய கோட்டை, அரண்மனை பற்றிய கேள்வி இல்லை இது. அவற்றுக்கு ஒரு துறை இருக்கும், அறிவிப்புப் பலகை இருக்கும், டிக்கெட் வாங்கிப் பார்க்க வருகிறவர்கள் இருப்பார்கள். நான் கேட்பது சிறு நகரங்களைப் பற்றி. கடைத்தெருவில் ஒட்டி ஒட்டி நிற்கும் இரண்டு மாடிக் கட்டிடங்கள், மூடிக் கிடக்கும் ஆலை, ரயில் நிலையம், பழைய பள்ளிக்கூடம், யாரோ ஒரு வியாபாரி ஆசையாகக் கட்டிய வீடு. தனித்தனியாக எடுத்தால் எதுவும் பாடப் புத்தகத்தில் ஏறும் அளவு பெரிதில்லை. எல்லாம் சேர்ந்து நிற்கும்போதுதான் அந்த நகரத்துக்கு ஒரு முகம் கிடைக்கிறது. ஒவ்வொன்றாக இடிபடும்போது யாருக்கும் உறைப்பதில்லை, பாதி போனபிறகு அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது.

இதில் அக்கறை உள்ள சிலர் சேர்ந்திருக்கிறோம். யாரும் கட்டிடக் கலைஞர் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. பணம் அதிகம் இல்லை. ஆர்வம் இருக்கிறது, வார இறுதி நேரம் இருக்கிறது, ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. ஆனால் கூடிப் பேசினால் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் இழுக்கிறோம். ஒருவர் முதலில் அருங்காட்சியகம் வேண்டும் என்கிறார். இன்னொருவர் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுப்போம் என்கிறார். சுவரெல்லாம் உதிர்கிறது, நன்கொடை திரட்டி சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்பது மூன்றாமவர் கட்சி. எனக்கு என்னவோ வயதானவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதுதான் அவசரம் என்று தோன்றுகிறது.

இந்த மாதிரி வேலையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது?

அளவுநாடா:

மூன்றாமவரைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அதை இங்கே சுண்ணாம்பு தெரிந்த யாராவது விளக்குவார்கள் என்று நம்புகிறேன். நான் பதிவு செய்யும் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு. மனு, அருங்காட்சியகம், நன்கொடை எல்லாமே இதற்குப் பிறகுதான் அர்த்தப்படும், ஏனென்றால் இருப்பது என்ன என்றே தெரியாமல் எதைக் காப்பாற்றச் சொல்லி மனு எழுதுவீர்கள்? ஒரு தெருவை எடுத்துக்கொண்டு முதல் கட்டிடத்திலிருந்து கடைசி வரை ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். அழகானதை மட்டும் பொறுக்கி எடுக்கிற ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இன்று அசிங்கமாகத் தெரிகிற தகரக் கொட்டகைதான் நாளைக்கு அந்தத் தெருவில் ஒரு தொழில் நடந்ததற்கு மிஞ்சிய ஒரே சாட்சியாக இருக்கும். எத்தனை மாடி, சுவர் செங்கல்லா கல்லா மண்ணா, கூரை ஓடா தளமா, கதவு ஜன்னல் மரவேலை எப்படி, இப்போது என்ன நடக்கிறது, முன்பு என்ன நடந்தது, எந்தப் பகுதி பிறகு சேர்த்துக் கட்டியது. ஆண்டு பொறித்த கல் இருந்தால் அதைத் தனியாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது.

படம் எடுக்கும்போது முகப்பை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள் பலர். பின்பக்கம், மாடிப்படி, கூரையின் அடிப்பக்கம், உத்திரம் சுவரில் உட்காரும் இடம், தரை, தாழ்ப்பாள், கீல் எல்லாம் வேண்டும். அளவு தெரியாத படம் பாதிப் படம்தான், அதனால் ஒரு அளவுகோலையோ நீளம் தெரிந்த ஒரு குச்சியையோ பக்கத்தில் வைத்து எடுங்கள். முடிந்தால் நாடா பிடித்து அறைகளை அளந்து கையாலேயே வரைபடம் போடுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் அளவு சரியாக எழுதியிருந்தால் போதும், பிறகு யாராவது ஒழுங்காக வரைந்துகொள்வார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் போலந்தின் தலைநகர் வார்சாவைத்தான் சொல்வேன். 1944இல் ஜெர்மன் படை அந்த நகரத்தின் பழைய பகுதியைத் திட்டம் போட்டுத் தகர்த்தது, 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. போருக்குப் பிறகு அதைத் திரும்பக் கட்ட முடிந்ததென்றால், கட்டிடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் முன்பே அளந்து வரைந்து வைத்திருந்த தாள்களும், 18ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்ற ஓவியர் தெருத்தெருவாக வரைந்துவிட்டுப் போன ஓவியங்களும் கையில் இருந்ததால்தான். 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவிலும் 1933இல் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த கட்டிடக் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து நாடு முழுக்கப் பழைய கட்டிடங்களை அளந்து வரைய வைத்தார்கள். மாளிகைகளோடு மாட்டுக் கொட்டகைகளும் தானியக் களஞ்சியங்களும் அதில் உண்டு. அவற்றில் பல இன்று இல்லை, வரைபடமும் படமும் அங்குள்ள நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன.

ஒன்று மட்டும் கவனம். உள்ளே நுழைவதற்கு முன் உரிமையாளரிடம் கேளுங்கள், படத்தை எங்கே வைப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கேட்காமல் எடுத்த ஒரு படத்தால் தெரு முழுக்கக் கதவு சாத்திக்கொள்ளும்.

காரைபூச்சு:

சுண்ணாம்பு தெரிந்த யாராவது என்று கூப்பிட்டதால் வந்துவிட்டேன். சிமெண்ட் பூசாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்து பழைய சுவரைக் கெடுக்கும் வேலைகளில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், உங்கள் மூன்றாமவருக்குக் காட்டலாம். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் போர்ட்லண்ட் வகைச் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பதிவானதே 1824இல், அது எல்லா ஊர்களிலும் சாதாரணமாகக் கிடைக்க ஆரம்பித்தது அதற்கு வெகு காலம் கழித்து. அதற்கு முந்தைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்திலோ மண்ணிலோ கட்டியவை. அந்தச் சுவருக்குள் ஈரம் வரும், போகும். தரையிலிருந்து ஓதம் ஏறும், மழையில் நனையும், பிறகு சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியாக ஆவியாக வெளியே போய்விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் மேலே மேலே ஏறுகிறது, அதோடு உப்பும் ஏறுகிறது, உப்பு படிகமாக இறுகும்போது செங்கல்லின் முகத்தைத் தள்ளி உடைக்கிறது. வெளியே பூச்சு வழவழவென்று நன்றாகத் தெரியும், தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்கும், ஒருநாள் பாளமாக விழும்போது பாதிச் செங்கல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் கலந்த பெயிண்டும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யும். செங்கல் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்து அடைப்பது இன்னும் மோசம். இடுக்கில் இருக்கும் சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் சுவர் அசையும்போது தேய்வது சாந்தாக இருக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம். சாந்து கெட்டியாக இருந்தால் அடி செங்கல்லுக்கு.

சரி, உதிரும் சுவரை என்ன செய்வது? பூச்சைத் தொடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். நான் பார்த்த வரையில் பழைய கட்டிடத்தின் நோய்கள் பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் முடிகின்றன. உடைந்த ஓடு, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், சுவரோரமாகத் தேங்கும் சாக்கடை. இன்னொன்றை யாரும் கவனிப்பதே இல்லை. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்திக்கொண்டே போகிறார்கள், ஒரு காலத்தில் படி ஏறிப் போன வாசல் இப்போது சாலைக்குக் கீழே இருக்கிறது, தெருத் தண்ணீர் முழுக்க அஸ்திவாரத்தில் போய் நிற்கிறது. இதைச் சரி செய்யாமல் சுவரில் எதைப் பூசினாலும் வீண். கொட்டும் மழையில் குடையோடு போய்க் கட்டிடத்தைச் சுற்றிப் பாருங்கள், வெயில் நாளில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாதது அப்போது தெரியும்.

சுவரில் செடி முளைத்திருந்தால் வேரோடு பிடுங்காதீர்கள், வேர் கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். அடியில் வெட்டி, வேரைச் சாகவிட்டு, பிறகு இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். விரிசல் இருந்தால் பயந்து உடனே அடைத்துவிட வேண்டாம். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மாதக்கணக்கில் உடையாமல் இருந்தால் அது என்றோ நடந்து முடிந்த பழைய அசைவாக இருக்கலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெதுவாக வாங்கித்தான் அது இறுகும், அதனால் மெல்லிய படலமாகப் பூச வேண்டும், வெயிலில் சட்டென்று காயவிடாமல் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் சேரும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். ஊருக்கு ஊர் மணலும் கலவையும் மாறும் என்பதால் பழைய பூச்சில் ஒரு துண்டை எடுத்து ஆய்வுக்குக் கொடுத்தால் சுண்ணாம்பைக் கரைத்து மணல் என்ன விதம், எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார் எங்கேயாவது மிச்சம் இருந்தால் அவருக்குப் பக்கத்தில் இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அவசரமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் கட்டிடம் நின்றாலும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் இல்லாமல் போனால் அடுத்த தலைமுறை மறுபடி சிமெண்டைத்தான் கொண்டு வரும்.

நிலைக்கதவு:

இரண்டு பேருக்கும் நன்றி. காரைபூச்சு எழுதியதை எங்கள் குழுவில் அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். சாலை உயர்வது பற்றி யோசித்ததே இல்லை.

இரண்டு விஷயம் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஒன்று, வயதானவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஒரே கட்டிடத்தை ஒருவர் போருக்கு முன் கட்டியது என்கிறார், மற்றவர் தன் கல்யாணத்துக்குப் பிறகு கட்டியது என்று அடித்துச் சொல்கிறார். இதையெல்லாம் வரலாறு என்று எப்படி எழுதுவது? இரண்டு, உரிமையாளர்கள். "உங்களுக்கு என்ன, அழகு பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள், ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுப்பது நான்" என்று ஒருவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

ஒலிநாடா:

முதல் கேள்விக்கு நான்.

பொருந்தவில்லை என்பதற்காக யாரையும் திருத்தாதீர்கள், குறிப்பாகப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது. திருத்தினால் அவர் அதன்பிறகு உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். தேதியைப் பத்திரத்திலும், நகராட்சி வரிப் பதிவேட்டிலும், பழைய வரைபடத்திலும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் தேடிக்கொள்ளலாம். மனிதரிடம் கேட்க வேண்டியது தாளில் இல்லாதவற்றை. காலையில் ஆலைச் சங்கு ஊதினால் தெரு எப்படி மாறும், யார் எந்த வாசல் வழியாக உள்ளே போகலாம், யார் போக முடியாது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, வெள்ளம் வந்தபோது எதுவரை ஏறியது. யார் உள்ளே போக முடியாது என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள், வசதியானவர்களின் வீட்டை மட்டும் பேசுகிற உள்ளூர் வரலாறு பாதி ஊரை வெளியே நிறுத்திவிடும்.

தப்பான தேதிக்கும் ஒரு மதிப்பு உண்டு. இத்தாலியில் டெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் 1949 மார்ச் மாதம், நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லி என்ற ஆய்வாளர் அங்கிருந்தவர்களிடம் பேசினால், நிறையப் பேர் அந்தச் சாவு 1953இல் ஆலை ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். அவர் இதை ஞாபகப் பிசகு என்று ஒதுக்கவில்லை. அந்த மக்களுக்கு வேலை பறிபோனதுதான் ஆறாத காயம், ஒரு தோழரின் சாவை அந்தக் காயத்தோடு சேர்த்து வைத்தால்தான் அவர்களுக்குப் பொருள் வந்தது என்று புரிந்துகொண்டார். வாய்மொழி வரலாறு செய்பவர்கள் இன்றும் பேசுகிற உதாரணம் இது. உங்கள் பெரியவர் கட்டிடத்தைத் தன் கல்யாணத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார் என்றால், ஏன் என்று மெதுவாகக் கேளுங்கள். அங்கே ஒரு கதை இருக்கும். எழுதும்போது இரண்டு பேர் சொன்னதையும் எழுதி, பதிவேடு என்ன சொல்கிறது என்பதையும் பக்கத்தில் வையுங்கள்.

நடைமுறையாகச் சில. ஒருவரோடு ஒருவராகப் பேசுங்கள், கூட்டமாக உட்கார்ந்தால் குரல் பெரியவர் மட்டும் பேசுவார். மின்விசிறியை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள், காதுக்குப் பழகிப்போன சத்தம் பதிவில் பெரிதாகக் கேட்கும். ஆரம்பத்திலேயே இன்ன தேதி, இன்னார், இன்ன இடம் என்று பதிவிலேயே சொல்லிவிடுங்கள். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் எந்தக் கேள்வியையும்விட நன்றாக வேலை செய்யும், விரலை வைத்துக் காட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் (அவர் எதைக் காட்டுகிறார் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதிவில் "இது இது" என்று மட்டும்தான் இருக்கும்). ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பகுதியை வெளியே விட வேண்டாம் என்கிறாரோ அதை விடாதீர்கள், உயிரோடு இருக்கும் வரை வேண்டாம் என்றாலும் சரி.

அவர்கள் வீட்டுப் படங்களை இரவல் வாங்காமல் அங்கேயே ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது நல்லது. சின்னப் படமென்றால் 600 டிபிஐ (ஸ்கேன் எவ்வளவு நுணுக்கம் என்று சொல்லும் அளவு), முடிந்தால் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் பெரும்பாலும் அங்கேதான். பெயர் எழுத வேண்டுமென்றால் பின்னால் மென்மையான பென்சிலால். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

வாடகைவீடு:

இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. அந்த உரிமையாளர் கேட்டது நியாயம். பாதுகாப்பு பேசுபவர்கள் பல பேர் அவரை எதிரியாக நினைத்துப் பேசுகிறார்கள், நான் அதை ஏற்க மாட்டேன். கூரையை மாற்றும் செலவும், பங்காளிகளின் பாகப்பிரிவினையும், வராத வாடகையும் அவர் தலையில். நமக்கு வாசலில் நின்று படம் எடுக்கிற சந்தோஷம்.

அருங்காட்சியகம் என்ற யோசனையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு சிறு நகரத்துக்கு ஒன்று போதும், அதையும் தினமும் திறந்து வைக்க ஆள் வேண்டும். மற்ற கட்டிடங்களுக்கெல்லாம் வாடகை வரும்படியான ஒரு வேலை வேண்டும். வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை என்று ஒரு சின்ன ஊர். 1960களில் ரிச்சர்ட் பூத் என்பவர் அங்கே பழைய தீயணைப்பு நிலையத்தில் பழைய புத்தகக் கடை போட்டார், பிறகு சினிமா தியேட்டரும் கடையாக மாறியது, ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று புத்தக ஊர் என்றே உலகத்துக்குத் தெரிகிறது. எல்லா ஊரும் புத்தகக் கடை போட முடியாது, ஆனால் காலியாக நிற்கும் கட்டிடத்துக்கு ஏற்ற வேலையைத் தேடும் அந்த வழியை எங்கேயும் முயன்று பார்க்கலாம்.

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகங்கள் வந்து சிறு நகரங்களின் கடைத்தெருக்கள் காய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1977இல் மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சோதனை செய்தார்கள். இந்தியானாவில் மேடிசன், இல்லினாயில் கேல்ஸ்பர்க், தெற்கு டகோட்டாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ். அதில் என்னைக் கவர்ந்தது, ஒவ்வொரு ஊருக்கும் இதையே முழுநேர வேலையாகப் பார்க்க ஒருவரை நியமித்தார்கள். கடைக்காரர்களோடு பேசுவது, காலி மாடிக்கு ஆள் தேடுவது, முகப்பை மறைத்திருந்த பலகைகளைக் கழற்ற வைப்பது, தெருவில் நிகழ்ச்சி நடத்துவது எல்லாம் ஒருவர் பொறுப்பு. கட்டிடத்தைப் பேசுவதற்கு முன் கடையைப் பேசினார்கள். 1980இல் அது நாடு தழுவிய திட்டமானது, இன்றும் நடக்கிறது.

பணம் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஜெர்மனியில் கோர்லிட்ஸ். 1995 முதல் 2016 வரை, பெயர் சொல்லாத ஒருவர் ஆண்டுதோறும் பத்து லட்சம் மார்க் (ஜெர்மனியின் அன்றைய நாணயம், யூரோ வந்தபிறகு அதற்குச் சமமான தொகை) அந்த நகரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார், தான் யார் என்று தேடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பணம் ஒரே மாளிகையில் கொட்டப்படாமல் பல கட்டிடங்களுக்குச் சிறு சிறு உதவியாகப் பிரிந்து போனது. உங்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்காவிட்டாலும் அந்த முறையைப் பின்பற்றலாம். பத்து வீட்டின் மழைநீர்க் குழாயைச் சரி செய்யும் பணத்தில் ஒரு முகப்புக்கு பெயிண்ட் கூட அடிக்க முடியாது.

சட்டப் பட்டியல் தேவைதான், மறுக்கவில்லை. நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்க ஆரம்பித்தபோது தடுக்கச் சட்டம் இல்லை, அந்தக் கோபம் இருந்ததால்தான் 1965இல் நகரத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஒரு சிறு நகரத்தில் எதுவும் பேசாமல் திடீரென்று ஒருவர் வீட்டைப் பட்டியலில் ஏற்றினால் அவர் கூரையை மழைக்குத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். முதலில் பேச்சு, பிறகுதான் மனு. மனு கொடுத்துவிட்டுப் பேசப் போகக் கூடாது.

உளிச்சத்தம்:

வாடகைவீடு சொன்னதில் பெரும்பகுதி சரி, ஒன்றில் மட்டும் மறுக்கிறேன். "பயன்பாடு" என்ற பெயரில் முன்சுவரை மட்டும் நிறுத்தி வைத்து உள்ளே முழுக்கக் குடைந்து புதுக் கட்டிடம் கட்டுவதும் நடக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் பழையது மாதிரி இருக்கும், மாடிப்படி, அறைகள், உத்திரம் எதுவும் இருக்காது. அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. எவ்வளவு மாற்றலாம் என்ற எல்லையை வேலை தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள்.

அதேபோல, பழைய படம் இல்லாத இடத்தில் கற்பனையாக வேலைப்பாடு சேர்க்கும் ஆசையும் வேண்டாம். பழைய கட்டிடப் பாதுகாப்புக்காக 1964இல் உலக அளவில் வகுத்த வெனிஸ் சாசனம், ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. புதிதாகச் சேர்ப்பது மொத்தத்தோடு இசைந்து நிற்க வேண்டும், ஆனால் அதே சமயம் புதியது என்று தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. 1979இல் ஆஸ்திரேலியர்கள் தங்கள் சாசனத்தை எழுதியபோது அதற்குப் பர்ரா என்ற ஒரு பழைய தாமிரச் சுரங்கச் சிறு நகரத்தின் பெயர்தான் வந்தது. தேவையான அளவு மட்டும் மாற்று, முடிந்தவரை குறைவாக மாற்று என்பது அதன் சாரம். சுவரை மணல் பீய்ச்சிப் பளபளப்பாக்குவதும் இதில் அடிபட்டுப் போகும், சுட்ட செங்கல்லின் கெட்டியான மேல்தோல் போனால் திரும்ப வராது.

ஆனால் எல்லா இடத்திலும் "பழைய பொருள் அப்படியே" என்பதுதான் விதி என்றும் நினைக்க வேண்டாம். மாலியில் ஜென்னே நகரத்தின் மண் மசூதிக்கு ஊரே கூடி மண் பூசுகிறது, ஆண்டுதோறும். ஜப்பானில் ஈசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013இல். அங்கே காப்பாற்றப்படுவது தச்சரின் கை. காரைபூச்சு கொத்தனாரைப் பற்றிச் சொன்னதும் இதுதான்.

ஊர்க்காரர்களே முடிவு எடுத்ததற்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால், அதே ஜப்பானில் சுமாகோ. மலைப்பாதையில் பயணிகள் தங்கிப் போகும் பழைய சிறு ஊர், ரயிலும் புதுச் சாலையும் விலகிப் போனதால் வெறிச்சோடியது. 1968இல் வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள், 1971இல் விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம் என்று குடியிருப்பவர்களே தங்களுக்குள் உறுதி எழுதிக்கொண்டார்கள். அரசின் பாதுகாப்புப் பகுதி என்ற தகுதி 1976இல்தான் வந்தது. வாடகைக்கு விட மாட்டோம் என்பது எல்லா ஊருக்கும் ஒத்துவராது, எனக்கே அதில் தயக்கம் உண்டு. யார் எழுதினார்கள் என்பதைப் பாருங்கள்.

நிலைக்கதவு:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, மனமார்ந்த நன்றி. குழுவில் பேசி, மழைக்காலம் வருவதற்குள் ஒரே ஒரு தெருவை முழுதாகக் கணக்கெடுப்பது, கூடவே அந்தத் தெருவின் பெரியவர்களோடு பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கூரை ஒழுகுகிற அந்த உரிமையாளரிடம் சுண்ணாம்பு பற்றிப் பேசாமல் முதலில் கூரை பற்றிப் பேசப் போகிறோம். சிமெண்ட் யோசனை கைவிடப்பட்டது, அதைச் சொன்ன நண்பரே கைவிட்டார்.

கடைசியாக ஒன்று: சேர்கிற படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் ஒருவருடைய செல்போனில் கிடந்தால் ஆபத்துதானே, எங்கே வைப்பது?

அளவுநாடா:

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். ஒன்று குழுவின் வன்தட்டில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று ஏதாவது நூலகத்திலோ கல்லூரியிலோ எழுத்து ஒப்பந்தத்தோடு. ஒரு ஆளின் கடவுச்சொல்லை மட்டும் நம்பிய சேமிப்பு வேண்டாம், இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். கோப்பின் பெயரில் தெரு, கட்டிட எண், தேதி வரட்டும், தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாக அடுக்கிக்கொள்ளும். கட்டிடப் படங்களில் பொதுவில் விடலாம் என்று உரிமையாளர் சம்மதித்தவற்றை விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள், ஆனால் அங்கே ஏற்றினால் யாரும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவுகளை அங்கே போட வேண்டாம், அதற்கு ஒலிநாடா சொன்ன ஒப்புதல் விதிதான்.

முதல் தெரு முடிந்ததும் கணக்கெடுப்புப் படிவத்தை இங்கே போடுங்கள், எதைக் கேட்க விட்டுப்போனது என்று பார்த்துவிட்டு இரண்டாவது தெருவுக்குப் போகலாம்.